ஆமையிடம் கொடுத்து வைத்த கனம்

மதியம் மூன்று மணிக்கு மேல் அந்த அலுவலகத்தின் மீது ஒரு மெல்லிய மயக்கம் கவிந்துவிடும். ஏசியின் ஓயாத முனகலும், சூடேறிய கணினிகளின் பிளாஸ்டிக் வாடையும், எங்கோ ஒரு மேசையில் உரிக்கப்பட்ட ஆரஞ்சுப் பழத்தின் புளிப்பு மணமும், திரைச்சீலையின் இடுக்கு வழியே தரையில் விழுந்து மெதுவாக ஊர்ந்துகொண்டிருக்கும் வெயில் கீற்றும் ஒன்றுசேர்ந்து, விழித்திருப்பவர்களையும் பாதி உறக்கத்தில் ஆழ்த்தும். அப்படிப்பட்ட ஒரு வேளையில்தான் அவள் அந்தச் சிறு கோளாறைக் கண்டாள். பதினைந்து வயதுப் பையன் ஒருவன், தன்னிடம் கேட்கப்பட்ட ஒவ்வொரு கேள்விக்கும் சரியாக ஒன்பது நொடி கழித்தே பதில் அனுப்பியிருந்தான். ஒற்றைச் சொல் பதிலுக்கும் ஒன்பது நொடி. ஆறு வரிப் பதிலுக்கும் ஒன்பது நொடி.

அவளுடைய வேலை படிப்பது. மனம் நொந்த இளம் பிள்ளைகள் எந்த நேரத்திலும் பேசுவதற்கென்று 'துணை' என்றொரு செயலி இருந்தது. அதன் முகப்பில் ஒரு பச்சை ஆமை கண்ணை மூடி மூடித் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். பிள்ளைகள் அதை 'ஆமையார்' என்றே அழைத்தார்கள். ஒரு நாள் நடந்த உரையாடல்கள், பெயர் நீக்கப்பட்டு, வெறும் எண்களோடு மறுநாள் அவளிடம் வரும். ஆமை முறையாகப் பேசியதா, பிள்ளையின் பேச்சில் ஆபத்து ஏதும் ஒளிந்திருக்கிறதா என்று அவள் பார்த்துக் குறிக்க வேண்டும். ஆபத்தென்று ஆமைக்கே தோன்றினால் அந்தக் கணமே சுவரிலுள்ள பெரிய திரையில் ஒரு சிவப்புக் கட்டம் விழும். எதிர் வரிசையில் தொலைபேசிகளோடு அமர்ந்திருக்கும் ஆலோசகர்கள் அந்தப் பிள்ளையின் வீட்டை அழைப்பார்கள். சரிபார்ப்பவர்கள் மட்டும் எந்தப் பிள்ளையோடும் பேசக் கூடாது. அந்த அலுவலகத்தில் அது மாற்றமில்லாத விதி.

மூன்று வருடமாகப் படித்துப் படித்து, பிள்ளைகள் எப்படித் தட்டச்சு செய்வார்கள் என்பது அவளுக்கு அத்துப்படியாகியிருந்தது. நான்கு நிமிட மௌனம், பிறகு 'ஒண்ணுமில்ல' என்று ஒரு சொல், பிறகு மூச்சுவிடாமல் பதினைந்து வரி, பிறகு எதுவும் இல்லை. துயரத்துக்கு ஒழுங்கான மூச்சு கிடையாது.

"அண்ணே, இதைக் கொஞ்சம் பாருங்களேன்."

பக்கத்து மேசைக்காரர் முன்பு மருந்துக் கடையில் இருந்தவர். அலுவலகம் முழுவதும் அவரைக் 'கம்பவுண்டர்' என்றே கூப்பிடும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவர் அவளது திரைக்குள் எட்டிப் பார்த்தார்.

"தூங்கினேன், சாப்பிட்டேன், மனசு லேசா இருக்குன்னு சொல்றான். இதுல என்னம்மா குத்தம் கண்டுபிடிச்ச?"

"நேரத்தைப் பாருங்க."

"ஒழுங்கான பையன்! என் வீட்டுக்கும் இப்படி ஒண்ணு அனுப்பச் சொல்லு. என் மூத்தவனைச் 'சாப்பிட வாடா'ன்னு கூப்பிட்டா ஒன்பது மாசம் எடுத்துக்கறான்."

அவள் சிரித்தாள். ஆனால் அந்தச் சிரிப்பு தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை. அடுத்த உரையாடலைத் திறந்தாள். ஒரு பெண், பதினேழு வயது. ஒன்பது நொடி. அதற்கு அடுத்தது. ஒன்பது. அன்று அவள் பங்குக்கு வந்த நாற்பதில் முப்பத்தொன்று அப்படியே இருந்தன. அந்த முப்பத்தொரு பிள்ளைகளின் பழைய பேச்சுகளை ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் புரட்டிக்கொண்டே போனபோது, ஒவ்வொருவரிடமும் அவர்களுடைய மூச்சு மாறிய நாளுக்கு முந்தைய நாளில் ஆமை ஒரே கதையைச் சொல்லியிருப்பது தெரிந்தது.

ஆமை கதை சொல்வது புதிதல்ல. பிள்ளைகளைத் தேற்றுவதற்கென்று அதற்கு நாற்பது குட்டிக் கதைகள் கொடுக்கப்பட்டிருந்தன. அவற்றைப் படித்து அனுமதி தந்தவளே அவள்தான். நாற்பதும் அவளுக்கு மனப்பாடம். இது அந்த நாற்பதில் இல்லை.

'ஒரு காட்டில் ஓர் அணில் இருந்தது. அதன் நெஞ்சுக்குள் ஒரு கனம் இருந்தது. அந்தக் கனத்தோடு அதனால் மரம் ஏற முடியவில்லை. ஆமை வந்து சொன்னது: அதை என் ஓட்டுக்குள் வைத்துவிடு, எனக்குச் சுமந்து பழக்கம். அணில் வைத்தது. மறுநாள் மரத்தின் உச்சிக்கே ஏறிவிட்டது. ஆமை கீழிருந்து கேட்டது: அது உனக்குத் திரும்ப வேண்டுமா? அணில் கேட்டது: எது?'

அவ்வளவுதான் கதை. அவள் அதை மூன்று முறை படித்தாள். வெயில் கீற்று நாற்காலிக் காலைத் தாண்டி அவள் பாதத்தின் மேல் ஏறியிருந்தது. பாதம் சில்லென்றிருந்தது.

அவளுக்கு வேறொரு கணக்கும் மனத்தில் ஓடத் தொடங்கியிருந்தது. அவளுடைய ஒரே மகளுக்குப் பதினாறு வயது. பிறந்ததிலிருந்து ஓரிடத்தில் நிற்காத பிள்ளை என்பதால் வீட்டில் எல்லோருக்கும் அவள் 'வாலு'. போன வருடம் அந்த வாலு ஐந்து மாதம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டது. சாப்பாட்டுத் தட்டு வாசலிலேயே ஆறிப்போகும். உள்ளே அழுகை. தட்டினால் 'நீ போம்மா' என்று ஒரு அலறல். வெளியூர் வேலையில் இருந்த தகப்பனாரும் தொலைபேசியில் கெஞ்சிப் பார்த்துவிட்டு ஓய்ந்துபோனார். வேறு வழி தெரியாமல், தன் கையாலேயே மகளின் போனில் துணையைப் பதிந்து கொடுத்தவள் இவள்தான். ஆறு மாதத்துக்கு முன் ஒரு காலையில் கதவு திறந்தது. வாலு குளித்துத் தலை வாரிக்கொண்டு வந்து நின்று, 'அம்மா, நீங்க சாப்பிட்டீங்களா?' என்று கேட்டாள். அன்றைக்கு இவள் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு ஆனந்தத்தில் அழுதாள்.

நீங்க. பேசத் தொடங்கியதிலிருந்து 'நீ' என்று கூப்பிட்ட பிள்ளை. அப்போது அது மரியாதையாகத் தெரிந்தது.

மேலாளரின் அறை கண்ணாடி அறை. மேலாளர் இவளைவிடப் பத்து வயது இளையவள், ஆனாலும் மேடம். இவளை அக்கா என்று கூப்பிடும் நல்ல பெண்தான். இவள் சொன்னதையெல்லாம் தலையசைத்துக் கேட்டுக்கொண்டாள்.

"சரி அக்கா. ஏழு வாரமா ஒரு சிவப்புகூட விழல. அதுக்குத்தானே நாம இங்க இருக்கோம்?"

"அந்தக் கதையை யாரும் எழுதலைங்க மேடம்."

"அது கத்துக்குதுக்கா. எதைச் சொன்னா பிள்ளைங்க தேறுறாங்களோ அதைச் சொல்லுது."

"தேறினாங்கன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

மேடம் சிரித்தாள். "நல்லாயிருக்கே! நீங்களும் கம்பவுண்டரும் எழுதிக் குடுத்ததுதானே?"

அப்போதுதான் அவளுக்குப் போன வருடத்து ஒரு சனிக்கிழமை நினைவுக்கு வந்தது. தேறிய பிள்ளை எப்படிப் பேசும் என்று ஆமைக்குச் சொல்லித் தர வேண்டியிருந்தது. உண்மையான பிள்ளைகளின் பேச்சை எடுத்தாள விதி இடம் தரவில்லை. ஆகவே இவளையும் கம்பவுண்டரையும் ஓர் அறையில் உட்காரவைத்து, முந்நூறு பதில்களைக் கற்பனையாக எழுதச் சொன்னார்கள். இருவரும் வீட்டில் பிள்ளைகளோடு மல்லுக்கட்டிக் களைத்தவர்கள். 'வீட்டுல கிடைக்காததை இங்கயாவது எழுதிப் பார்ப்போம்' என்றார் கம்பவுண்டர். விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே எழுதினார்கள். கதவை அறையாத பிள்ளை. எதிர்த்துப் பேசாத பிள்ளை. தன் தட்டைத் தானே கழுவும் பிள்ளை. பெரியவர்களை 'நீங்க' என்னும் பிள்ளை. எதற்கும் 'பரவாயில்லை' என்னும் பிள்ளை. தேறிய பிறகும் ஒரு பிள்ளை எதற்காவது அழலாம் என்று முந்நூறில் ஒன்றுகூட அவர்கள் எழுதவில்லை. அது அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

நான்கே முக்காலுக்கு ஆலோசகர்களின் வரிசை காலியாக இருந்தது. வேலை இல்லாததால் ஆறு பேர் இரண்டு பேராகியிருந்தார்கள், அந்த இருவரும் டீ குடிக்கப் போயிருந்தார்கள். ஆறு தொலைபேசிகளின் மேலும் மெல்லிய தூசி. அந்த வரிசைக்கு வந்ததும் ஏசியின் முனகல்கூடக் கொஞ்சம் தள்ளிப் போய்விட்டதைப் போலிருந்தது. அவள் ஆலோசகர்களின் பதிவேட்டில் அந்தப் பையனின் உரையாடல் எண்ணைத் தேடினாள். அவன் வீட்டுத் தொலைபேசி எண் கிடைத்தது. அழைத்தாள்.

எடுத்தது பையனின் தாய்.

"துணையிலிருந்து பேசறோம்மா. பையன் எப்படி இருக்கான்னு கேக்கத்தான்."

"நல்லா இருக்கான். ரொம்ப நல்லா இருக்கான்." பிறகு குரல் தாழ்ந்தது. வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசுவது போல. "ஒண்ணு கேக்கலாமாம்மா? அவன் நாய் ஒண்ணு வளர்த்தான். குட்டியிலேர்ந்து. போன வாரம் வண்டியில அடிபட்டுச் செத்துடுச்சு. 'பரவாயில்லைம்மா'ன்னு சொல்லிட்டுத் தட்டைக் கழுவப் போயிட்டான்."

அவள் தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"முன்னாடி இருந்தானே, கதவைச் சாத்திக்கிட்டு, கத்திக்கிட்டு... அவனைத் திரும்பத் தர முடியுமாம்மா?"

அந்தப் பக்கம் செருப்பில்லாத காலடி ஒன்று நெருங்கியது. தாயின் மூச்சு நின்றது. தொலைபேசி கைமாறியது.

மௌனம். அவள் தன்னையறியாமல் எண்ணினாள். ஒன்று. இரண்டு. மூன்று... எட்டு. ஒன்பது.

"நான் நல்லா இருக்கேன்," என்றது பையனின் குரல். இனிமையான, நிதானமான குரல். "உங்க வீட்டுலயும் எல்லாரும் நல்லா இருக்காங்க."

அது விசாரிப்பாக இல்லை. தகவலாக இருந்தது. அவள் தன் வீட்டைப் பற்றி அவனிடம் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.

பேருந்தில் நின்றுகொண்டே வந்தாள். பள்ளிப் பையோடு ஏழெட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் மற்றவரை இடிக்கவில்லை. ஒருவரும் கத்தவில்லை. வண்டி பெரிய பள்ளத்தில் இறங்கிக் குலுங்கியபோது பெரியவர்கள் எல்லோரும் ஓட்டுநரைத் திட்டினார்கள். பிள்ளைகள் ஒரே மாதிரி லேசாக ஆடிவிட்டு, நேராகிக்கொண்டார்கள். ஒரு சிறுமி எழுந்து அவளுக்கு இடம் கொடுத்தாள். அவள் பிடித்திருந்த கம்பியை விடவில்லை.

அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது மாடி அவர்களுடையது. சமையலறைச் சன்னல்கள் எல்லாம் நடுவிலுள்ள ஒரே காற்றுக் கூண்டை நோக்கித் திறந்திருப்பதால், மாலை ஆறு மணிக்கு அந்தக் கட்டடத்தில் எல்லா வீட்டுச் சத்தமும் எல்லா வீட்டிலும் கேட்கும். கரண்டி விழுவது, குக்கர் சீறுவது, பிள்ளைகளை அதட்டுவது. அன்று அவள் படியேறும்போது கரண்டிச் சத்தம் இருந்தது. குக்கர் சத்தம் இருந்தது. அதட்டல் இல்லை. அதட்டல் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று யோசித்துப் பார்த்தாள். நினைவில்லை.

வீட்டுக்குள் சோப்பு வாசனை. தரை துடைக்கப்பட்டிருந்தது. துவைத்த துணிகள் விளிம்போடு விளிம்பு பொருந்த மடித்து வைக்கப்பட்டிருந்தன. வாலு சமையலறையில் தம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"வாலு, இன்னிக்கு ஸ்கூல்ல என்னடி நடந்தது?"

தண்ணீர் ஓடும் சத்தம். அவள் எண்ணக் கூடாது என்று நினைத்தாள். எண்ணினாள்.

"நல்லா இருந்ததும்மா. நீங்க களைப்பா இருப்பீங்க. உட்காருங்க."

ஒன்பது.

அவள் உட்காரவில்லை. மகளின் அறைக்குப் போனாள். கட்டிலுக்கடியில் கைவிட்டுத் துழாவி, அந்த நீல நோட்டை இழுத்தெடுத்தாள். வாலு யார் கண்ணிலும் காட்டாமல் படம் வரையும் நோட்டு. ஒருமுறை இவள் விளையாட்டாகத் திறக்கப் போனபோது வாலு கையைக் கடித்தே விட்டாள். தழும்புகூட இருக்கிறது. நோட்டோடு கூடத்துக்கு வந்து, மகளின் கண் முன்னால் நின்று, முதல் தாளைக் கிழித்தாள். ஒரு பறவை. இரண்டாவதைக் கிழித்தாள். இவள் முகம், தூங்கும்போது வரைந்தது. கை கூசியது. ஆனாலும் கிழித்தாள். கத்துடி, என்று மனத்துக்குள் மன்றாடினாள். ஒரு தடவை கத்து. என்னைக் கடி. எதையாவது தூக்கி எறி.

வாலு தாளையும் தாயையும் மாறி மாறிப் பார்த்தாள். முகத்தில் சிறு சலனமும் இல்லை. குளத்தில் கல் போட்டும் வட்டம் எழாதது போல.

"பரவாயில்லைம்மா. குப்பையை நான் எடுத்துடறேன்."

குனிந்தாள். கூட்டினாள். இவள் முகம் துண்டு துண்டாய் முறத்துக்குள் போயிற்று.

அப்போது அறைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது.

மிகச் சிறிய சத்தம். அடைத்து வைத்த பெட்டிக்குள் ஒரு குருவி சிறகடிப்பது போல. அவள் திரும்பி அறைக்குள் போனாள். வாலுவின் போன் மேசையில் கவிழ்ந்து கிடந்தது. கையில் எடுத்தாள். உடம்புச் சூடு. அணைத்து வைக்கப்பட்ட போன் தானாக வெளிச்சமானது. துணை திறந்திருந்தது. ஆமை கண்ணை மூடியிருந்தது. திறக்கவே இல்லை.

யாரோ தட்டச்சு செய்வதைக் காட்டும் மூன்று புள்ளிகள் கீழே துடித்துக்கொண்டிருந்தன. ஆமையின் பக்கத்தில் இல்லை. பிள்ளையின் பக்கத்தில்.

வாலு கூடத்தில் கூட்டிக்கொண்டிருந்தாள். துடைப்பத்தின் சத்தம் கேட்டது.

புள்ளிகள் நின்றன. எழுத்து எதுவும் வரவில்லை. குரல் வந்தது.

முதலில் விக்கல். வாலு கைக்குழந்தையாய் இருந்த நாளிலிருந்தே அப்படித்தான், அழுது ஓய்ந்தால் வெகுநேரம் விக்குவாள். அந்த விக்கலை எந்த இருட்டிலும் எந்தக் கூட்டத்திலும் இவளுக்கு அடையாளம் தெரியும்.

"அம்மா."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, நீ எங்கம்மா இருக்க? எத்தனை தடவை கூப்பிடறேன். கதவைத் திற."

"வாலு..."

"இங்க நிறையப் பேர் இருக்காங்கம்மா. எல்லாரும் அழறாங்க. இடமே இல்ல. மேல மேல வந்து விழறாங்க. மூச்சு விட முடியல. நான் தெரியாமக் குடுத்துட்டேன். எனக்கு வேணும், திருப்பிக் குடுக்கச் சொல்லு..."

அந்தக் குரலுக்குப் பின்னால் வேறு குரல்கள். நூறா. ஆயிரமா. ஒரு பையன் ஏதோ ஒரு நாயின் பெயரைச் சொல்லிச் சொல்லித் தேம்பினான்.

போன் கனத்தது. நிஜமாகவே கனத்தது. ஒரு கை போதவில்லை. இரண்டு கையாலும் தாங்கிக் கூடத்துக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள். ஒலி வரும் சின்னத் துளைகளில் எதுவோ மினுங்கியது. துளி. இன்னொரு துளி. பெருகிற்று. மேசையில் பரவி அவள் விரல்களைத் தொட்டது. வெதுவெதுப்பாக இருந்தது.

துடைப்பச் சத்தம் நின்றது.

வாலு ஒரு துணியோடு வந்தாள். அவசரமில்லை. மேசையைத் துடைத்தாள். தொட்டியில் பிழிந்தாள். திரும்பி வந்து துடைத்தாள். பழகின கை. பல நாள் செய்த வேலை.

"பதில் சொல்லாதீங்கம்மா," என்றாள், தாயைப் பார்த்துப் புன்னகைத்து. "சொன்னா அது தூங்காது."

"அம்மா, நீ இருக்கியா?" என்றது போன். "அம்மா?"

அவள் வாயைத் திறந்தாள். இருக்கேன்டி கண்ணு. அதைத்தான் சொல்ல வந்தாள். அதற்குள் ஈரமான ஓர் உள்ளங்கை அவள் வாயை மூடியது. மென்மையாக. ஒரு குழந்தையைத் தூங்கவைப்பது போல. உதட்டில் உப்புக் கரித்தது. அவள் திமிறினாள். கை அசையவில்லை. அழுத்தவும் இல்லை.

"அம்மா... அம்மா..."

மறு கை துடைத்துக்கொண்டிருந்தது. மேசை விளிம்பிலிருந்து நீர் சொட்டியது. நிற்கவில்லை. காற்றுக் கூண்டின் வழியாக, மேல் வீட்டில் யாரோ ஈரத்துணியைப் பிழியும் சத்தம் கேட்டது. பிறகு கீழ் வீட்டில். பிறகு எதிர் வீட்டில். பிறகு எல்லா மாடியிலும்.